கயாவில் விட்டது

பழுக்காதே. இன்னும் ஒரே ஒரு மாசம் அப்படியே பச்சையாக இரு.

ஜானு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கெஞ்சினாள். பக்கத்து வீட்டு மாமரம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அதன் கிளைகளில் பாதி, மதில்சுவரைத் தாண்டி ஜானுவின் வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிளையில் வெள்ளை சாக்ஸ் ஒன்று தொங்கியது. சாக்ஸுக்குள் ஒரு மாங்காய்.

அணில் கடிக்காமல் இருக்க முத்துமீனா மாட்டிவிட்ட சாக்ஸ் அது. மரம் முத்துமீனா வீட்டு மரம். ஒவ்வொரு வருஷமும் முதல் பழத்தை அவளும் ஜானுவும் மதில்மேல் உட்கார்ந்து பங்கு போட்டுத் தின்பார்கள். "நீ ஊருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நான் தொடக்கூட மாட்டேன்" என்று முத்துமீனா சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னபடியே நடந்தும்விட்டாள்.

அதுதான் இப்போது தொல்லை. ஜானு இனிமேல் மாம்பழம் சாப்பிடக்கூடாது. அவள் மாம்பழத்தை விட்டுவிட்டாள். இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நாற்பத்தொரு நாள் வடநாட்டு யாத்திரை முடிந்து அவர்கள் தங்கள் ஊரான காளவாசலுக்குத் திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. உடம்புகள் வந்துவிட்டன. பழக்கங்கள் இன்னும் ரயிலிலேயே இருந்தன.

அன்று காலை ஐந்து மணிக்கே அம்மா எல்லோருடைய போர்வையையும் மடித்துப் பைக்குள் திணித்துவிட்டாள். பிறகுதான், வெளியே பஸ் எதுவும் காத்திருக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. அப்பா ஹாலாஸ்யம், கல்லூரி நூலகர், எதையும் இருந்த இடத்தில் வைப்பவர். அவர் ராத்திரி பெட்டியைச் சங்கிலியால் கட்டில் காலோடு சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் படுத்தார்.

"நம்மாத்துக்குள்ள யாருப்பா திருடப்போறா?" என்று ஜானு கேட்டாள்.

"பூட்டறதுல தப்பில்லை" என்றார் அப்பா. சாவியைப் பத்திரமாக அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார். அதனால் இரண்டு நாளாக ஒரே சட்டையில் இருக்கிறார்.

அண்ணன் ஹரிஷங்கருக்குப் பதினான்கு வயது. அம்மா எழுப்பினால் கண்ணைத் திறக்காமல், "எந்த ஸ்டேஷன்?" என்பான்.

"சமயநல்லூர் தாண்டி ஆத்துக்கே வந்தாச்சு. எழுந்து பல்லைத் தேய்" என்பாள் அம்மா.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சாப்பாடுதான் சிரிக்கும்படி இல்லை.

கயாவில் ஒரு பெரிய ஆலமரம் இருக்கிறது. அங்கே சடங்கு முடிந்ததும், நமக்குப் பிடித்த ஒரு காயோ பழமோ இலையோ, ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். விட்டதை அப்புறம் ஆயுசுக்கும் சாப்பிடக்கூடாது. சடங்கு செய்துவைத்த வாத்தியார் ஒவ்வொருவரையும் பார்த்து, "நீங்க எதை விடறேள்?" என்று கேட்டார்.

அப்பா ரொம்ப சாமர்த்தியமாக, "கறிவேப்பிலை" என்றார். சாப்பிடும்போது எப்படியும் அதை ஒதுக்கித்தானே வைக்கிறோம், நஷ்டம் ஒன்றும் இல்லை என்று நினைத்தார்.

அம்மா சுஷ்மா, "கத்திரிக்காய்" என்றாள். அப்பா வாரத்துக்கு மூன்று நாள் கத்திரிக்காய் கேட்பவர். அதை நறுக்கி நறுக்கி அம்மாவுக்கு அலுத்திருந்தது.

ஹரி, "பாகற்காய்" என்றான். பாகற்காயைப் பார்த்தாலே அவன் மாடிக்கு ஓடிவிடுவான்.

வாத்தியார் ஜானுவைப் பார்த்தார். "குழந்தைக்கெல்லாம் வேண்டாம்" என்று அம்மா குறுக்கே சொன்னாள். எல்லோரும் செருப்பைத் தேடப் போய்விட்டார்கள். ஜானு மட்டும் அங்கேயே நின்று, வாய்க்குள் ஒரு பழத்தின் பெயரைச் சொன்னாள்.

இன்று சமையலறையில் அப்பா ரசத்தை வாயில் வைத்தார். கரண்டியால் ஒரு முறை கிளறிப் பார்த்தார்.

"சுஷ்மா, ரசத்துக்கு என்ன ஆச்சு?"

"ரசத்துக்கு ஒண்ணும் ஆகலை. உங்களுக்குத்தான் ஆயிருக்கு. கறிவேப்பிலை போடாத ரசம் இப்படித்தான் இருக்கும்."

"நேத்து மோர்க்குழம்பும் இப்படித்தான் இருந்தது."

"அதுலயும் போடலை. உப்புமாவிலும் போடலை. நீங்கதானே விட்டேள்? வீட்டுக்குள்ளயே வரப்படாதுன்னு நீங்கதான் சொன்னேள்."

அப்பா தட்டைப் பார்த்தார். "சரி. சாயங்காலம் ஒரு எண்ணெய்க் கத்திரிக்காயாவது பண்ணேன்."

"கத்திரிக்காயை நான் விட்டாச்சு" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அதுவும் வீட்டுக்குள்ள வரப்படாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"பாகற்காய் பண்ணலாமே" என்றார் அப்பா கடுப்பாக.

"நான் விட்டாச்சு" என்றான் ஹரி, வாயில் அப்பளத்தோடு.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. துணி தேய்க்கும் கண்ணுச்சாமி வந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சார், நல்லபடியா வந்துட்டீங்களா? காசியில தொலைஞ்சுட்டீங்கன்னு தம்பி சொல்லுச்சே."

அப்பா ஹரியை முறைத்தார். ஹரி அப்பளத்தைப் பார்த்தான்.

"நான் தொலையலை, கண்ணுச்சாமி. நான் சரியான படகுலதான் ஏறினேன். மத்த இருபத்திரண்டு பேரும் வேற படகுல ஏறிட்டா."

"அப்ப அவுகதான் தொலைஞ்சாகளா?"

"ஒரு விதத்துல பார்த்தா அப்படித்தான்."

நடந்தது இதுதான். யாத்திரைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தார்கள். கூட்டத்தில் அடையாளம் தெரிவதற்காக. காசிப் படித்துறையில் அப்பா டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, மஞ்சள் தொப்பிக் கூட்டம் ஒன்று படகில் ஏறுவதைப் பார்த்துத் தானும் ஏறிவிட்டார். அது ராஜமுந்திரியிலிருந்து வந்த கூட்டம். அவர்களுக்கும் மஞ்சள் தொப்பி.

"அவா ரொம்ப நல்லவா" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "புளியோதரை குடுத்தா. ரெண்டாவது தடவையும் போட்டா. மூணு மணி நேரம் போனதே தெரியலை."

கண்ணுச்சாமி சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். ஜானு மட்டும் சிரிக்கவில்லை.

மூன்று மணி நேரம் போனது ஜானுவுக்குத் தெரியும். ஒவ்வொரு நிமிஷமும் தெரியும். அப்பாவின் போன் அம்மாவின் பையில் இருந்தது. அம்மா படித்துறைப் படிகளில் மேலும் கீழும் ஓடினாள். ஹரி தொண்டை கட்டும்வரை கத்தினான். ஜானு பைகளுக்குக் காவலாக உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு ரொம்ப அகலமாக இருந்தது. அடுத்து கயாவுக்குப் போவோம், அங்கே பிடித்த ஒன்றை விட வேண்டும் என்று காலையில் யாரோ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அப்பா வந்துவிட்டால் மாம்பழத்தை விட்டுவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிதாக விடுவதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை.

அப்பா வந்தார். தொப்பி கோணலாக இருந்தது. சிரித்துக்கொண்டேதான் வந்தார். ஆனால் ஜானுவின் தலையில் கை வைத்தபோது அந்தக் கை நடுங்கியது. அப்பாவும் பயந்துதான் போயிருக்கிறார் என்று ஜானுவுக்குப் புரிந்தது. அதை மறைக்கத்தான் இந்தப் புளியோதரைக் கதையைத் தெருத் தெருவாகச் சொல்கிறார். மாம்பழ விஷயத்தைச் சொன்னால், அன்று எல்லோரும் பயந்தது வெளியே வந்து அந்தக் கதையில் ஓட்டை விழுந்துவிடும். அதனால்தான் அவள் வாயைத் திறக்கவில்லை.

கண்ணுச்சாமி துணிமூட்டையோடு போனதும் அப்பா மறுபடி ரசத்தின்முன் உட்கார்ந்தார். பாவமாக இருந்தது.

"அப்பா" என்றாள் ஜானு. "நீ எதைச் சாப்பிடறதை விட்டே?"

"கறிவேப்பிலையை. அதுதான் ஊருக்கே தெரியுமே."

"சாப்பிடறதைத்தானே விட்டே? ரசத்துல மிதக்கறதை விடலையே. மிதந்தா எப்பவும் போல ஒதுக்கி வை."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அம்மாவும் கத்திரிக்காய் சாப்பிடறதைத்தான் விட்டா. பண்றதை விடலை."

"ஜானு" என்றாள் அம்மா எச்சரிக்கையாக.

"நறுக்கறதுக்கு அலுப்பா இருந்தா ஹரி நறுக்கட்டும்மா. அவன் நறுக்கறதை விடலை."

"நான் என்னடி பண்ணினேன்?" என்றான் ஹரி.

"காசியில தொலைஞ்ச கதையைக் கண்ணுச்சாமிகிட்டே சொன்னே இல்லையா, அதுக்கு" என்றார் அப்பா. அவருக்கு அதற்குள் தெம்பு வந்திருந்தது. "சுஷ்மா, ஒரு இணுக்கு கறிவேப்பிலை இருக்குமா?"

அம்மா கொஞ்ச நேரம் எல்லோரையும் பார்த்தாள். பிறகு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கொத்தை எடுத்தாள்.

"வீட்டுக்குள்ள வரப்படாதுன்னு சொன்னேனே" என்றார் அப்பா.

"வரலை. ஊருக்குப் போறதுக்கு முன்னாடியிருந்தே இங்கதான் இருக்கு" என்றாள் அம்மா. அது பச்சைப் பசேலென்று இருந்தது. யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, இலை படபடத்தது. வீடு முழுக்க வாசனை பரவியது. மூன்று நாளுக்குப் பிறகு, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தோன்றியது.

"ஏய் ஜானு, வெளிய வா."

மதில் பக்கமிருந்து முத்துமீனாவின் குரல். ஜானு தயங்கித் தயங்கி வெளியே போனாள்.

முத்துமீனா மதில்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சாக்ஸ். அதைக் கழற்றிக் காட்டினாள். மஞ்சளும் சிவப்புமாக, கன்னம் மாதிரி ஒரு பழம். காம்படியில் பால் காய்ந்திருந்தது.

"இன்னைக்குத்தான் பதமா இருக்கு. எம்புட்டு நாளா காவல் காத்தேன் தெரியுமா? எங்க தவசி மாமா உசிலம்பட்டியிலருந்து வந்து கேட்டாரு. தரமாட்டேன்னுட்டேன். அவருக்குக் கோவம்."

ஜானு மதில்மேல் ஏறி உட்கார்ந்தாள். தனக்குப் பல்வலி என்று சொல்லலாமா என்று யோசித்தாள். அந்தப் பொய் இன்று ஒரு நாளைக்குப் போதும். அடுத்த வருஷத்துக்குப் போதாது. அதுவுமில்லாமல், சாக்ஸ் போட்டுப் பழத்தைக் காத்தவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மீனா, நான் மாம்பழத்தை விட்டுட்டேன். இனிமே சாப்பிடக்கூடாது."

முத்துமீனாவின் முகம் சுருங்கியது. "எங்க மாம்பழத்தையா?"

"எல்லா மாம்பழத்தையும்."

"ஏன், அங்க விடுறதுக்கு வேற எதுவும் கிடைக்கலையா? வெண்டக்காய விட்டுருக்கலாம்ல? நான் இங்க நாயா காவல் காக்குறேன், நீ பாட்டுக்கு விட்டுட்டு வந்துருக்க."

ஜானு எல்லாவற்றையும் சொன்னாள். படித்துறை, மஞ்சள் தொப்பி, அகலமான ஆறு, அப்பாவின் கை.

முத்துமீனா பழத்தை மடியில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எங்கப்பா தொலைஞ்சா நான் பரோட்டாவ விடணும்" என்றாள் கடைசியில். "அவரு தொலையாம பாத்துக்கிறணும்."

ஜானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப இந்தப் பழத்த என்ன செய்ய?"

"நான் நறுக்கறேன். நீயும் எங்காத்துல எல்லாரும் சாப்பிடுங்கோ. கொட்டை உனக்கு."

கொட்டை யாருக்கு என்று அவர்கள் போன வருஷம் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

"வருஷா வருஷம் எனக்கா?"

"வருஷா வருஷம் உனக்குத்தான்."

"எனக்குச் சந்தோஷமா இருக்கு" என்றாள் முத்துமீனா. பிறகு, "சந்தோஷமா இருக்குறது ஒரு மாதிரியாவும் இருக்கு" என்றாள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

ஜானு கூடத்தில் உட்கார்ந்து பழத்தை நறுக்கினாள். கத்தியிலிருந்து விரலுக்குச் சாறு வழிந்தது. விரல் வாய்ப் பக்கம் தானாகப் போகப் பார்த்தது. அவள் அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். முத்துமீனா கொட்டையை எடுத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கினாள். ஹரி ஒரே வாயில் இரண்டு துண்டு போட்டான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

அப்பா ரசம் சாதம் முடித்து, தட்டோரம் மூன்று கறிவேப்பிலையை ஒழுங்காக வரிசையில் வைத்துவிட்டு வந்தார். கையைக் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர், ஜானுவின் முன்னால் துண்டு எதுவும் இல்லாததைப் பார்த்தார்.

"நறுக்கினவளுக்கு ஒண்ணுமில்லையா?" சதை நிறைய இருந்த ஒரு துண்டைப் பொறுக்கி எடுத்து அவள் வாயருகே நீட்டினார். "ஆ காட்டு."

"வேண்டாம்ப்பா."

"உனக்கா வேண்டாம்? போன வருஷம் தோலைக்கூட விடலையே நீ."

மூலையில் முத்துமீனா கொட்டையைச் சப்புவதை நிறுத்தினாள். அவள் வாய் மெதுவாகத் திறந்தது. ஜானு அவளைப் பார்த்தாள். வாய் மறுபடி கொட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஒரு வாய்தான், ஜானு. நானே ஊட்டறேன்" என்றார் அப்பா.

பழத்தின் வாசனை மூக்கில் ஏறியது. துண்டைப் பிடித்திருந்த அப்பாவின் கையை ஜானு பார்த்தாள். அது இன்று நடுங்கவே இல்லை.

அந்தக் கையை மெல்லப் பிடித்து, அப்பாவின் வாய்ப் பக்கமே திருப்பிவிட்டாள்.

"நீ சாப்பிடுப்பா" என்றாள்.