உள்ளிருந்து விட்ட விரிசல்

ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருந்த கார் கண்ணாடிக் கடையில் பிரிசில்லா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மதியம் மூன்று மணி. காற்றில் தோல் பதனிடும் வாடை கனத்திருந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை. கணவர் சாமுவேல் போனதிலிருந்து எந்த வாடையும் அவளுக்கு எட்டுவதில்லை.

மே மாதம், ஷூ கம்பெனி வாசலில், இதே காருக்குள்தான் அவர் இறந்துகிடந்தார். நெஞ்சுவலி என்றார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. பிறகு வண்டியைப் பூட்டி, உறை போட்டு, வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டாள். இன்று காலை உறையை எடுத்தால், ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு விரிசல்.

கடைக்காரர் வாஹித் பாஷா வெளிப்பக்கம் விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது. உள்ளே தலையை விட்டுத் தடவியவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தம்.

"இது ரெண்டு தகடு ஒட்டின கண்ணாடிம்மா. வெளித்தகடு முழுசா இருக்குது. உள்தகடுதான் ஒடஞ்சிருக்குது." குரலைத் தாழ்த்தினார். "உள்ளேர்ந்து யாரோ குத்தியிருக்காங்க."

"பூட்டின வண்டி பாய்."

அவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

இன்சூரன்ஸைப் போன மாதம்தான் தன் பெயருக்கு மாற்றியிருந்தாள். சர்வேயர் இளம்பரிதி வேலூரிலிருந்து வீடியோ காலில் விரிசலைப் பார்த்தார்.

"எப்படி ஒடஞ்சது மேடம்?"

"தெரியல சார். நின்ன வண்டி."

"மரக்கிளை ஏதாச்சும் விழுந்திருக்கும். உங்களுது பம்பர் டு பம்பர் பாலிசி, கண்ணாடிக்கு முழுசா கிடைச்சிடும். மாத்திட்டு ஒரு போட்டோ அனுப்புங்க."

பழைய கண்ணாடியை அறுத்தெடுத்து, பசை தடவிப் புதியதைப் பதித்தார் பாய். பசை இறுகும்வரை யாரும் உள்ளே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

பிரிசில்லா போட்டோ எடுத்து அனுப்பினாள்.

உடனே போன் அடித்தது.

"மேடம், டிரைவர் சீட்ல இருக்கற சாரைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க. கண்ணாடியில ரெண்டு கையையும் வெச்சிருக்காரு. மறைக்குது."

பிரிசில்லா காரைப் பார்த்தாள்.

சீட் காலி.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறுபோல நெஞ்சு மரத்துக் கிடந்தது. கதவருகே போய்க் குனிந்தாள்.

"என்னங்க," என்றாள், மெல்ல. "இறங்குங்க. யாரும் ஏறக் கூடாதுன்னு பாய் சொல்லியிருக்காரு."

கதவு அசையவில்லை.

சத்தமும் இல்லை.

நாலடி பின்னால் வந்து இன்னொரு படம் எடுத்து அனுப்பினாள். இந்த முறை குரல் செய்தி வந்தது.

"இப்ப ஓகே மேடம். சார் உங்க பின்னாடி நிக்கறது கண்ணாடியில விழுது, பரவால்ல. அப்ரூவல் போட்டுட்டேன்."

பிரிசில்லா திரும்பவில்லை.

தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. அவள் அதை விலக்கவும் இல்லை.