இரண்டாம் எண் கேட்டது யார்?

பிற்பகல் 1.10. கிருமாம்பாக்கம், கடலூர் சாலை. சுரேஷ்குமாரின் இணைய சேவை மையத்தில்தான் சிந்துவுக்குத் தன் நர்சிங் சீட்டு பறிபோனது தெரிந்தது.

காரைக்கால் கல்லூரியின் சேர்க்கை ஆணையை அச்செடுக்க வந்திருந்தாள். திரையில் ஆணை இல்லை. ‘விண்ணப்பதாரர் இன்று காலை 11.42க்கு இடத்தை ஒப்படைத்துவிட்டார்’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது.

சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். “வேற ஆள் செஞ்சதுன்னு போலீஸ் மெயில் அஞ்சு மணிக்குள்ள வரணும்மா. இல்லாட்டி வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும்.”

அந்த அடுத்த பெயர் தேவியின் தங்கையுடையது. தேவி இதே மையத்தில் வேலை பார்ப்பவள். சிந்துவின் பாஸ்வேர்டு எழுதிய விண்ணப்பம் அவள் கோப்பில்தான் இருந்தது.

2.40. சைபர் பிரிவு எஸ்.ஐ. அம்சவள்ளி வந்தார்.

சிந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு நிச்சயமான மாமன் மகன் கௌதம், பக்கத்துப் பாத்திரக்கடைக்காரன், தண்ணீர் பாட்டிலோடு அருகில் நின்றான்.

சுரேஷ்குமார் ரூட்டரின் பதிவைத் திறந்து காட்டினார். “பாருங்க மேடம். 11.42க்கு அந்த சைட்டுக்குப் போனது ரெண்டாம் நம்பர். ரெண்டு தேவியோட மெஷின்.”

மூன்று கணினிகளின் நெற்றியிலும் சிவப்பு ஸ்டிக்கர். தேவியுடையதில் ‘2’.

“நீங்க ஒட்டினதா?”

“ஆமா. ஆயுத பூஜைக்குத் தொடைக்கறப்ப, ரூட்டர்ல எதுக்கு இன்னா நம்பர் இருக்குன்னு பாத்து ஒட்டினேன். அப்புறம் மெயின ஆஃப் பண்ணி, பூஜை போட்டு, மூணு நாள் லீவு. இன்னிக்குக் காலைலதான் தொறந்தோம்.”

“காலைல இங்க யார் யார் இருந்தாங்க?”

“நானும் கௌதமும். ஷட்டர் மாட்டிக்கிச்சு, அவன்தான் தூக்கிவிட்டான். மெயினப் போட்டு அவன்கூட டீ குடிச்சிட்டுதான், தேவியோடத விட்டுட்டு மத்த ரெண்டு மெஷினப் போட்டேன். பதினோரு மணிக்கு பாகூர் கிளம்பிட்டேன். தேவி ஒண்டிதான் இருந்தா.”

“நீ இன்னாம்மா பண்ண?” என்று தேவியிடம் திரும்பினார் அம்சவள்ளி.

“ஜெராக்ஸ்தான் மேடம், ஒரே கூட்டம். என் மெஷினத் தொடவே இல்ல.”

“தொடாமலே சீட்டு போச்சா? நல்லாக் கத விடற!” என்றான் கௌதம்.

அம்சவள்ளி மூன்று கணினிகளின் முன்னும் குனிந்து எழுந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ரூட்டரின் பட்டியலில் மூழ்கினார்.

4.05.

“கௌதம், உங்க போனக் குடுங்க.”

“என் போன் இன்னாத்துக்கு மேடம்?”

“குடுங்க.”

அதன் வைஃபை பக்கத்தைத் திறந்து, பட்டியலோடு ஒப்பிட்டார். “சிந்து, உன் சீட்ட ஒப்படைச்சது இவர்தான்.”

சுரேஷ்குமார் பதறினார். “ரெண்டு தேவி மெஷினாச்சே!”

“நம்பர் மெஷினுக்குச் சொந்தமில்ல சார். ஒவ்வொரு மெஷினும் எழுந்த உடனே, ‘நான் வந்திருக்கேன், எனக்கு ஒரு நம்பர் கிடைக்குமா’ன்னு கேக்கும். ரூட்டர், ‘இது காலியா இருக்கு, வேணுமா’ங்கும். ‘சரி, எடுத்துக்கறேன்’னு இது சொல்லும். ‘உனக்குத்தான், கொஞ்ச நேரத்துக்கு’ன்னு அது முடிக்கும். எல்லாம் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள.”

சிந்து அழுகையை மறந்தாள். மூலையில் பச்சை விளக்குகள் சிமிட்டும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தாள். இத்தனை நாளும் இந்த அறையின் காற்றில் இவ்வளவு மரியாதையான பேச்சு நடந்துகொண்டிருந்ததா?

“மூணு நாள் கரண்ட் இல்லாம இந்த ரூட்டருக்கு பழசெல்லாம் மறந்துபோச்சு. இன்னிக்கு முதல்ல கேட்டவங்களுக்கு ரெண்டு. மெஷின் எதுவும் ஓடாத நேரத்துல, ஏற்கெனவே இந்தக் கடை வைஃபை போட்டிருந்த இவர் சட்டப்பையில இருந்த போன் கேட்டிருக்கு. இவர் கேக்கச் சொல்லவே இல்ல. இப்ப வரைக்கும் அந்த நம்பர் அதுகிட்டதான் இருக்கு, பக்கத்துக் கடையில இருந்தாலும்.”

“தேவி பொய் சொல்லலன்னு எப்படி...?” என்று இழுத்தார் சுரேஷ்குமார்.

அம்சவள்ளி தேவியின் கணினியின் பவர் பட்டனைக் காட்டினார். பூஜைக்கு வைத்த சந்தனம் வட்டமாகக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். ஒரு விரிசல்கூட இல்லை. மற்ற இரண்டிலும் விரல் பட்டு உதிர்ந்திருந்தது.

கௌதம் தலையைத் தொங்கப்போட்டான். “நீ எங்கிட்ட சொன்ன பாஸ்வேர்டுதான். நாலு வருஷப் படிப்பு சிந்து... தையில கல்யாணம்னு சொல்லிட்டு, வூட்ல எல்லாரும் தள்ளிப் போட்டுட்டாங்க. உன்ன விட்டுட்டு எப்படி இருக்கறது?”

“எங்கிட்ட கேட்டிருக்கலாமே மாமா.” சிந்துவின் குரல் நடுங்கவில்லை. “உன் போனுக்குக்கூட கேட்டு வாங்கத் தெரியுது.”

4.38. மெயில் போனது.

4.52. “உன் மெஷினப் போடு தேவி, அதுல பாக்கலாம்” என்றாள் சிந்து.

தேவி பட்டனை அழுத்தினாள். சந்தனம் இரண்டாகப் பிளந்தது. கணினி எழுந்தது, கேட்டது. ‘2’ என்ற ஸ்டிக்கருக்குக் கீழே அதற்கு ஐந்து கிடைத்தது. சேர்க்கைப் பக்கம் மெல்லத் திறந்தது.

‘இடம் உறுதி.’