பிளக் துளையில் இருந்த துணி

“ஜானகிம்மா, மறுபடியும் பூட்ச்சு!”

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ராஜமாணிக்கம் வாசலில் வந்து நின்றார். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷன் இப்படிப் பதறிச் சின்னராசு பார்த்ததே இல்லை. ஆனாலும் சின்னராசுவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சின்னராசுவின் மனைவி ஜானகியம்மாள் எளாவூர் செக்போஸ்டில் லாரிகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். தெருவில் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். கூப்பிடாமலே சின்னராசுவும் கூடக் கிளம்பிவிடுவார்.

“நிதானமா சொல்லுங்க,” என்றார் ஜானகியம்மாள்.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டு, மனைவி ஷைனியோடு திருநின்றவூருக்குக் குடிபோன மகன் ஜெரால்ட், இந்த ஜனவரியில் திரும்பி வந்தான். வந்தது அப்பாவுக்காக இல்லையாம், துருப்பிடித்துக் கிடந்த பழைய யெஸ்டி பைக்குக்காகவாம். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இருவரும் அதைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். பேச்சு மட்டும் ஸ்பேனரைத் தாண்டிப் போகாது. வண்டி கிளம்பப் போகிற நாளாகப் பார்த்து ஒரு சாமான் மாயமாகிவிடும். முதலில் இன்ஜினின் ஸ்பார்க் பிளக். அடுத்தது கார்புரேட்டர், வேறொன்று தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. இன்றைக்குப் புதுப் பிளக்கும் போச்சு.

“மொத ரெண்டு போவட்டும்மா. இந்த மூணாவத யாரு எடுத்தாங்கன்னு தெரிஞ்சே ஆவணும். வண்டி இருக்கங்காட்டிதான் பையன் வாசப்படி மிதிக்கிறான். சலிச்சிக்கினு வராம வுட்டுட்டான்னா?” என்றார் ராஜமாணிக்கம்.

ராஜமாணிக்கம் வீட்டுத் தகரக் கொட்டகையில், பைக் பக்கத்தில் நின்று ஜெரால்ட் சட்டை நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“பூட்டு உடையல. சாவி ரெண்டு, ஒண்ணு இவர்ட்ட, ஒண்ணு என்கிட்ட,” என்றான். அப்பா என்று ஒரு வார்த்தை வரவில்லை.

“பழைய இரும்புக்காரன் வேலதான், சந்தேகமே இல்ல!” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் சின்னராசு.

ஜானகியம்மாள் இன்ஜின் பக்கம் குனிந்தார். பிளக் துளையில் மெத்தென்ற சிறு நீலத் துணி அடைத்திருந்தது. அதன் ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தது.

“முன்னாடியும் இப்டிதான் அடச்சிருந்துச்சா?”

“ஆமா ஆன்ட்டி. ஆனா அப்ப கிரீஸ் தொடைக்கிற வேஸ்ட் துணி.”

ராஜமாணிக்கம் பேண்ட் பையிலிருந்து ஒரு சுருட்டு வேஸ்ட் துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைத்தார். ஆலைப் பழக்கம், சர்ச்சுக்குப் போனாலும் விடவில்லை.

ஜானகியம்மாள் நிமிர்ந்தார். “திருடறவன் தூசு உள்ள போவக்கூடாதுன்னு துணி அடச்சிட்டா போவான்? இது வண்டி மேல உசுரா இருக்கறவங்க வேல. அப்ப வேஸ்ட் துணி, இப்ப நீலத் துணி. ஆளு ஒண்ணு இல்ல, ரெண்டு.”

“ரெண்டா!” என்றார் சின்னராசு.

“அண்ணே, மூணு சாமான் போயி ஒண்ணுக்கு மட்டும்தான் பதறுனீங்க. மீதி ரெண்டும் எங்க கீதுன்னு உங்களுக்கே தெரியும்.”

ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். “அப்ப மூணாவது?”

“தம்பி, கண்ணாடிய எதுக்கு சட்டையில தொடைக்கிற? கண்ணாடிக் கடையில குடுத்த துணி எங்க?”

ஜெரால்டின் முகம் சிவந்தது. பையிலிருந்து பிளக்கை எடுத்து நீட்டினான்.

“போன ஞாயிறு கெளம்பறப்ப கழட்டிட்டேன். வண்டி ஓடிச்சின்னா, எத சொல்லிக்கினு இங்க வர்றது?”

“நானும் அதுக்குதான்டா எடுத்தேன்,” என்றார் ராஜமாணிக்கம். “பாவம், புள்ள ஆசப்படுதேன்னு இந்த வாரம் மனச கல்லாக்கிக்கினு எடுக்காம வுட்டேன்.” அவர் அழுதேவிட்டார்.

பிளக்கை இருவரும் சேர்ந்தே மாட்டினார்கள். மூன்றாவது உதையில் யெஸ்டி புகை கக்கிக் கிளம்பியது. சின்னராசு கைதட்டினார். அப்பனும் மகனும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜெரால்ட் இன்ஜினை நிறுத்தினான்.

“நைனா,” என்று அப்பாவைக் கூப்பிட்டான். “அடுத்த ஞாயிறு இன்னா வேல?”

ராஜமாணிக்கம் வேஸ்ட் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு வேலயும் இல்லடா. ஷைனியக் கூட்டிக்கினு சும்மா வா.”