உறையாதே, ரத்தமே!

“ஐயோ...!”

அலறலுக்கு முன்னால் கண்ணாடி நொறுங்கும் சத்தம். அலறலுக்குப் பின்னால் நிசப்தம்!

மதியச் சாப்பாட்டு நேரம். கடை ஆட்கள் வெளியே போயிருந்தார்கள். வெட்டும் மேஜைக்குக் கீழே, சில்லுகளுக்கு நடுவில், இடது கையைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் கண்ணாடிக்காரி.

துண்டு வெள்ளை. இல்லை... சற்று முன்புவரை வெள்ளை!

கை கிழிந்தால் நீங்களும் நானும் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம். அவளால் முடியாது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதம் ஒன்று அவள் உடம்பில் பிறவியிலேயே சுரக்கவில்லை. லட்சத்தில் ஒருவருக்கு வருகிற கோளாறு. பாட்டிலில் பொடியாக வரும் அந்தப் புரதத்தைக் கரைத்து நரம்பில் ஏற்றினால்தான் அவள் ரத்தம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

‘உனக்கு எதுக்கும்மா கண்ணாடி வேலை? பஞ்சுக் கடை வைக்கலாமே?’ என்று சொந்தக்காரர்கள் ஓதாத நாளில்லை.

‘ரத்தம் என்னுது. கண்ணாடியும் என்னுது. உங்களுக்கு எங்க வலிக்குது?’ என்று கேட்டு, அப்பா விட்டுப்போன கடையை நடத்திக்கொண்டிருந்தாள்.

ரத்தம் சொட்ட, போனை எடுத்தாள்.

“என்னங்க... கை கிழிஞ்சுடுச்சு... ஆழமா...”

“ஐயையோ! ரத்தம் நின்னுதா?” மறுமுனையில் புருஷன் பதறினான்.

“ஊத்துது. ஃப்ரிஜ்ல இருக்கற மருந்தை எடுத்துட்டு ஓடி வாங்க...”

“வேற யாருக்கும் போன் பண்ணாத, கண்ணு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிப் பதற வைப்பாங்க. நான் வந்துட்டேன்!”

வந்தான்.

கையில் ஐஸ் பெட்டி. உள்ளே நுழைந்ததும் கடை ஷட்டரை இழுத்து மூடினான்.

“எதுக்குங்க ஷட்டரை...?”

“கூட்டம் கூடிடும். நீ கையை அழுத்திப் பிடி.”

தங்கமான புருஷன் என்று ஊரே மெச்சுகிற ஆள். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்தவன், அவளுக்காக ஊசி போடப் பழகினான். ஒருமுறை அவள் பல் பிடுங்கப் போன இடத்தில் நர்ஸ் மருந்து பாட்டிலைக் குலுக்க, ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினான்.

“அது என்ன இருமல் மருந்தா? குலுக்கினா நுரைச்சுடும்மா! புரதம் வீணாப் போயிடும்! குழந்தையைத் தூங்க வைக்கற மாதிரி உள்ளங்கையில வச்சு உருட்டணும்!”

அன்றிலிருந்து அவனைக் கண்டாலே நர்சுகள் உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

இப்போது பெட்டியைத் திறந்தான். பொடி இருந்த பாட்டிலுக்குள் நீரைச் செலுத்தினான்.

கண்ணாடிக்காரி அவன் கைகளையே பார்த்தாள்.

கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் பாட்டிலைப் பிடித்தான்.

சளக்... சளக்... சளக்!

குலுக்கினான்!

கையில் விழுந்த வெட்டு ஒன்றுமே இல்லை என்று தோன்றியது அவளுக்கு.

“கையை நீட்டு, கண்ணு.”

“மாட்டேன்.”

“என்ன விளையாட்டு இது? உயிர் போயிட்டிருக்கு!”

“குலுக்கினீங்க.”

“ஆங்...?”

“பாட்டிலைக் குலுக்கினீங்க.”

அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே சிரித்தான்.

“அவசரத்துல கை தவறிடுச்சு. ஒரு தடவை குலுக்கினா குடியா முழுகிடும்?”

“அவசரம்னா நீங்க இன்னும் மெதுவா உருட்டுவீங்க. நான்தான் ‘சீக்கிரம், சீக்கிரம்’னு கத்துவேன்.” அவள் பாட்டிலை உற்றுப் பார்த்தாள். “மருந்துன்னு நினைச்சிருந்தா உங்க கை குலுக்கியிருக்காது. சரி... நுரை எங்க?”

“நுரையா?”

“புரதம்னா இந்நேரம் சோப்புத் தண்ணி மாதிரி பொங்கியிருக்கணுமே! இது குழாய்த் தண்ணி மாதிரி தெளிவா நிக்குதே. உள்ள என்ன... சர்க்கரைத் தூளா?”

அவன் பாட்டிலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு நிதானமாக அதை மேஜைமேல் வைத்தான்.

தங்கம் பித்தளையாகியது!

“கண்டுபிடிச்சிட்ட. சந்தோஷம்.” அவள் போனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். “இந்த மூலைக்கடையை வித்துட்டுக் கிளம்பலாம்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? ‘என் பொணம்தான் இங்கேர்ந்து போகும்’னு சொன்ன. சரின்னு நானும் ஒத்துக்கிட்டேன்.”

“அதுக்காக?”

“அதுக்காக நான் ஒண்ணுமே செய்யல! குத்தினேனா? விஷம் வச்சேனா? நல்ல மருந்தைக் கொட்டிட்டு சர்க்கரையைப் போட்டு மூடி வச்சேன். மீதியை உன் ரத்தமே பார்த்துக்கும். கண்ணாடிக் கடையில ரத்தக் கோளாறுக்காரி செத்தா எவன் சந்தேகப்படுவான்? ஊரே முன்னாடியே சொன்னதுதானே!”

எதிரே சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதில் பார்த்து, கலைந்த தலையைக் கோதிக்கொண்டான்.

“கொஞ்ச நேரம்தான் கண்ணு. வலிக்காது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும்.”

கண்ணாடிக்காரி எழுந்தாள்.

தள்ளாடவில்லை!

துண்டை உதறி எறிந்தாள். முன்கையில் நீளமான வெட்டு. அதன் மேல் கருஞ்சிவப்பாய்க் காய்ந்த கோடு.

ரத்தம் நின்றிருந்தது!

“எ... எப்படி?”

“போன வாரம் முட்டி வீங்கி, நீ உள்ள போய்க் கரைச்சு எடுத்துட்டு வந்து மருந்து போட்டும் வத்தலையே... அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரிசோதிச்சாங்க. ‘மருந்து உடம்புல ஏறவே இல்லையேம்மா’ன்னாங்க. பாட்டிலைக் கொடுத்துப் பார்த்தா, போலி.” மரியாதை அவள் பேச்சிலிருந்து இறங்கிப் போயிருந்தது. “மாத்தினது மருந்துக் கடைக்காரனா, நீயான்னு தெரியணும். இன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியிலயே நெஜ மருந்தை ஏத்திக்கிட்டு வந்து, நானே கையைக் கிழிச்சுக்கிட்டேன்.”

“நீயேவா...?”

“நீ உருட்டியிருந்தா கடைக்காரன். குலுக்கினா நீ. உருட்டிடணும்னு வேண்டாத தெய்வமில்லடா பாவி! உருட்டியிருந்தா உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.”

அவன் கண்கள் மேஜைமேல் இருந்த வெட்டுக் கத்தியைத் தேடின. கை நீண்டது.

“தொட்டுடாதே!”

பேசியது அந்த ஆளுயரக் கண்ணாடி!

பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு பெண் இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

“இந்தப் பக்கம் முகம் பார்க்கலாம். அந்தப் பக்கமிருந்து பார்த்தா ஜன்னல்,” என்றாள் கண்ணாடிக்காரி. “நேத்து நானே மாட்டினது. கடையை வித்திருந்தா இதுக்கு எங்க போறது?”

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது.

“ஏம்மா, சிவப்புச் சாயம் போதும்னுதானே சொன்னேன்?” இன்ஸ்பெக்டர் கோபமாகவே கேட்டாள். “நெஜமாவே கிழிச்சுக்கச் சொன்னேனா? ஏதாவது ஆகியிருந்தா?”

“என் ரத்தத்தை வருஷக்கணக்கா துடைச்ச மனுஷன் மேடம். சாயத்துக்கு ஏமாற மாட்டார்.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கினாள். வெயில் உள்ளே பாய்ந்தது.

வாசலில் ஜீப் நின்றது. அவனை ஏற்றினார்கள்.

“நீயும் ஏறும்மா. கைக்குத் தையல் போடணும், ஆஸ்பத்திரியில இறக்கி விடறேன்.”

ஜீப்புக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவனை ஒரு பார்வை பார்த்தாள் கண்ணாடிக்காரி.

“வேணாம் மேடம். நான் ஆட்டோவுல வந்துக்கறேன்.”

“ஏன், இடம் இருக்கே?”

“என் ரத்தம் உறையலைன்னா மருந்து இருக்கு மேடம். இவன் பக்கத்துல உட்கார்ந்து கொதிச்சா... அதுக்கு இன்னும் எவனும் மருந்து கண்டுபிடிக்கலையே!”