பாம்புத் தலையைத் தூக்கிப் போனவன்

தவக்காலத்துக்காகச் சர்க்கரையை விட்டிருந்த டெர்வலா கோகன், புனித பேட்ரிக் திருநாளுக்கு மட்டும் கிடைக்கும் சலுகையில் தேநீரில் தாராளமாகச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. வாசலில் நின்றவள் ரோஷீன். கார்க் நகர ஊர்வலத்துக்கு ஆண்டுதோறும் ஏதாவது ஒரு ராட்சத உருவம் செய்துவரும் தெருநாடகக் குழுவின் தலைவி. முகத்தில் பூசியிருந்த பச்சைச் சாயத்தின் மேல் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

"பாம்போட தலையைக் காணோம், சார்ஜன்ட்."

டெர்வலா காவல்துறையை விட்டு வந்து வருடங்கள் ஆகியும் ஊர் அவரை அப்படித்தான் அழைத்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு இப்போது டாக்சி ஓட்டும் டோனல், விடுமுறைக் காலைகளில் அவர் சமையலறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். அவன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"புனித பேட்ரிக் எல்லாத்தையும் விரட்டினதுக்கு அப்புறம் இந்த நாட்டுல பாம்பே கிடையாது. இருந்த ஒண்ணையும் எவனோ தூக்கிட்டானா?"

ரோஷீன் சிரிக்கவில்லை. வில்லோ மரக் கிளைகளை வளைத்துக் காகிதம் ஒட்டிச் செய்த தலை அது. ஓர் ஆள் நீளம் இருக்கும், ஆனால் ஒரே ஆள் தோளில் தாங்கிவிடலாம். உடலையும் வாலையும் பிடித்து ஆட ஆற்றின் வடகரைப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்கப் பழகியிருந்தார்கள். மதியம் ஊர்வலம். விடிந்ததும் கொட்டகையைத் திறந்தால் தலை இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி அவளிடம் ஒன்று, பக்கத்துக் கொட்டகைக்காரர் ஃபின்டனிடம் ஒன்று. ஃபின்டன் செய்த ராட்சத சால்மன் மீனும் அதே ஊர்வலத்தில் வருகிறது. போன வருடப் பரிசு யாருக்கு என்பதில் இருவருக்கும் ஆகாமல் போயிருந்தது.

"அத்தனை பேர் முன்னாடியும் அவரைத் திருடன்னு சொல்லிட்டேன்" என்றாள் ரோஷீன். அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது.

டோனலின் டாக்சி ஆற்றோரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது, நரைத்த தாடிக்காரரான ஃபின்டன் வெளியே ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். இனி இந்த ஊர் விழாவுக்குத் தன் மீனும் வராது, தானும் வரப்போவதில்லை என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு பார்த்தார்கள்.

டெர்வலா உள்ளே போனார். தரை முழுக்க ஈரம். காலடித் தடத்தை அழிக்கத் திருடன் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான் என்றான் டோனல். டெர்வலா குனிந்து கதவிடுக்கில் படிந்திருந்த மெல்லிய சேற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார். பிள்ளைகளின் நடனக் காலணிகள் எல்லாம் உச்சித் தட்டில் அடுக்கியிருந்தன. அவற்றை அங்கே வைத்தது யார் என்று கேட்டார். ரோஷீனுக்குத் தெரியவில்லை. நேற்று மாலை தரையில்தான் கிடந்தனவாம்.

தூரிகைகள் நிறைந்த ஒரு குவளையில் பல் துலக்கும் பிரஷ் ஒன்றும் இருந்தது. பாம்பின் செதில்களுக்குச் சாயம் தெளிக்க அதுதான் வசதி என்று டோனல் விளக்கினான். டெர்வலா அதை முகர்ந்து பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார்.

வழியில் கிடந்த பெட்டியை நகர்த்த ஜெர் ஹூரிகன் வந்தான். வாட்டசாட்டமான ஆள். பாம்புத் தலையைத் தோளில் தாங்க வேண்டியவன் அவன்தான். மற்ற நாட்களில் சவ அடக்க நிலையம் ஒன்றில் அமரர் ஊர்தி ஓட்டுகிறவன். அவன் தோளில் ஆரஞ்சு நிறக் கறை. டோனல் பரபரத்துப்போய் டெர்வலாவின் காதருகே சொன்னான்: "பாம்போட நாக்கும் ஆரஞ்சுதான், சார்ஜன்ட். சாயம் ஒட்டியிருக்கு. ஆள் இவன்தான்."

"அவசரப்படாதே" என்று சொல்லிவிட்டு, நன்றி சொல்கிற சாக்கில் டெர்வலா ஜெரின் தோளைத் தட்டினார். பிறகு டோனலிடம் விரலைக் காட்டினார். நுனியில் ஆரஞ்சுப் பொடி.

எல்லோரையும் கொட்டகைக்குள் கூப்பிட்டார். ஃபின்டன் கடைசியாக வந்து கதவோரம் நின்றார்.

"முதல்ல ஒண்ணு. இங்க திருட்டே நடக்கல" என்று அமைதியாகத் தொடங்கினார் டெர்வலா. "தரையில இருக்கறது குழாய்த் தண்ணி இல்ல. உப்புக் கரிக்குது. விடியக்காலைல கடல் ஏத்தம் வந்து, அந்தத் தண்ணி ஆத்தோட ஏறி உள்ள புகுந்து வடிஞ்சிருக்கு. எல்லாரும் லீவுன்னு தூங்கிட்டு இருந்தீங்க."

தலை தரையில்தான் இருந்தது. காகிதத் தலை. தண்ணீர் பட்டிருந்தால் கூழாகியிருக்கும். யாரோ அதைத் தூக்கிப் போய்க் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றார் அவர்.

"திருட வந்தவன் தலையைத் தூக்கிட்டு ஓடுவான். பிள்ளைங்க செருப்பு நனைஞ்சிடுமேன்னு ஒவ்வொண்ணா எடுத்து மேல வைக்க மாட்டான்."

"அப்போ சாவி?" என்று டோனல் கேட்டான்.

"உள்ள இருக்கறவனுக்குச் சாவி எதுக்கு? கதவை இழுத்துச் சாத்தினா தானாப் பூட்டிக்கும். சாயம் தெளிக்கற பிரஷ்ல புதினா பேஸ்ட் வாசனை வராது, டோனல்."

டெர்வலா யாரையும் பார்க்கவில்லை. தன் விரல் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த சாயம் இப்படிப் பொடியாக உதிராது, இது லில்லிப் பூவின் மகரந்தம் என்றார். மார்ச் மாதக் குளிரில் எந்தத் தோட்டத்திலும் லில்லி பூப்பதில்லை. பூக்கடைகளோ இன்று அடைப்பு. அது குவிந்து கிடக்கும் இடம் இன்னொன்று உண்டு. மேட்டில், பெரிய வண்டியே நுழைகிற அகலக் கதவோடு, இறந்தவர்களுக்கான மலர்வளையங்கள் காத்திருக்கும் இடம்.

"தலை பத்திரமா இருக்கு. அதைக் காப்பாத்தினவங்களுக்கு நாம எல்லாரும் கடன்பட்டிருக்கோம். அவங்களே சொன்னா எனக்குச் சந்தோஷம்."

ஜெர் தொப்பியைக் கழற்றினான். "எங்க வண்டிக் கொட்டாயில இருக்கு. தண்ணி வடிஞ்சதும் கொண்டுவந்து வச்சிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள ரோஷீன் வந்து திருடன்னு கத்த ஆரம்பிச்சுட்டா."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே? அந்த நேரத்துல உனக்கு இங்க என்ன வேலை?" என்றாள் ரோஷீன்.

"தூங்கிட்டு இருந்தேன்." ஜெர் தரையைப் பார்த்தபடி சொன்னான். குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். ஊரில் வேறு வாடகை வீடு அகப்படவில்லை. கிறிஸ்துமஸிலிருந்து, ஒத்திகை முடிந்து எல்லோரும் போனதும் திரைக்குப் பின்னால் படுத்துக்கொள்வான். வேலையிடத்தில் படுத்தால் மாடியிலிருக்கும் முதலாளிக்கு மறுநாளே தெரிந்துவிடும். "ஃபின்டன் பேர் அடிபட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

ரோஷீன் நேராக ஃபின்டனிடம் போனாள். அவள் சொன்னது டோனலுக்குக் கேட்கவில்லை. கிழவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்ததுதான் தெரிந்தது.

தலையைத் தோளில் சுமந்து கொண்டுவர அப்போது நேரமில்லை. தெருக்களை ஏற்கெனவே அடைத்துவிட்டார்கள். டோனலின் டாக்சியில் அது நுழையாது. எந்தத் தடுப்பிலும் யாரும் மறிக்கத் துணியாத வண்டி ஒன்றுதான் இருந்தது. ஜெரின் முதலாளி விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

பேட்ரிக் வீதியில் கறுப்பு அமரர் ஊர்தி மெல்ல ஊர்ந்து வந்ததைப் பார்த்ததும் பேண்டு வாத்தியம் ஓய்ந்தது. ஆண்கள் பச்சைத் தொப்பிகளைக் கழற்றினார்கள். பெண்கள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வண்டி அருகே வந்த பிறகுதான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கிடந்த பச்சைப் பாம்பு தெரிந்தது. ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருவின் கடைசி வரை பற்றிக்கொண்டு போனது. இப்படி ஒரு வேடிக்கையை இந்த வருடம்தான் யோசித்தார்களா என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜெர் தலையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பட்டையைக் கட்டிவிட ஃபின்டன் வந்தார். டோனல் பக்கத்தில்தான் நின்றான்.

"என் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கு" என்றார் கிழவர், முடிச்சை இறுக்கியபடி. "ஜன்னலைத் திறந்தா கீழ இருக்கற மீன் கடை நாத்தம் வரும். பரவாயில்லையா?"

அந்தப் பெரிய பச்சைத் தலை மேலும் கீழுமாக ஆடியது. பின்னால் நின்ற பிள்ளைகள் அதையே புறப்பாட்டுக்கான சைகை என்று எடுத்துக்கொண்டு ஓட்டமும் ஆட்டமுமாகக் கிளம்பிவிட்டார்கள்.