இரண்டு சென்டிமீட்டரில் போட்ட ஊசி

பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசியாகப் போட்ட மரப்பு மருந்து எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க, நர்ஸ் மி-ஓக் பனிக்கட்டியைச் சே-ரினின் தொடையில் வைத்தாள். குளிர் தெரியவில்லை. வயிற்றில் வைத்தாள். தெரியவில்லை. நெஞ்சுவரை இழுத்தாள், தண்ணீர் வழிவது கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை.

"இவ்ளோ மேல ஏறக் கூடாதே," என்று முணுமுணுத்தாள். "கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறக்கட்டும்னு சொன்னேன். ரெண்டுலயே அழுது ஊசிய வாங்கிட்டீங்க."

"தலைப்பிரசவம், அவளால தாங்க முடியல," என்றான் கணவன் கி-தே. "எப்பக் கேட்டாலும் போடலாம்னு டாக்டரே சொன்னாரே."

"போடலாம், தப்பில்ல. மருந்தக் கொஞ்சம் குறைச்சு வைக்கறேன்."

மொக்போ துறைமுகத்தின் மேல் மதிய மழை கொட்டுவதும், வயிற்றில் கட்டிய மானிட்டர் பெல்ட்டுக்குள் குழந்தையின் இதயம் குதிரைபோல் ஓடுவதும், பக்கத்து அறையில் ஒருத்தி வலியில் தன் கணவனைத் திட்டித் தீர்ப்பதும், கிருமிநாசினி நெடியோடு கலந்து வந்த, பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் கடற்பாசி சூப்பின் மணமும், தெருவுக்கு அந்தப் பக்கம் நடப்பவைபோல அவளை வந்தடைந்தன. காலையில் அவளை முறித்துப் போட்ட வலி இப்போது மானிட்டர் காகிதத்தில் வெறும் கோடாக ஏறி இறங்கியது. யாருடைய வலியோ.

நான்கு மணிக்கு நர்ஸ், "முக்குங்க" என்றாள். எதைக் கொண்டு முக்குவதென்று தெரியாமல் சே-ரின் முகத்தை மட்டும் இறுக்கினாள். அழுகை கேட்டது. பெண் குழந்தை. நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது என்று சொல்லி, டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனார்.

"பாருடி, நம்ம பயறு! என் மூக்கு வந்துடுச்சு, பாவம்." கி-தே சிரித்துக்கொண்டே அழுதான். வயிற்றில் இருந்தபோதே குழந்தைக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் பயறு.

குழந்தையை அவள் மார்பில் கிடத்தினார்கள். கனம் இல்லை. சூடும் இல்லை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

எடை பார்க்கக் குழந்தையை மூலைக்கு எடுத்துப் போனார்கள். நர்ஸும் கி-தேயும் அவளுக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

அவள் முழங்கால்களுக்கு நடுவே போர்வை அசைந்தது.

ஜன்னல் மூடியிருந்தது. எல்லா ஸ்கேனிலும் ஒரே குழந்தைதான்.

துணி உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது.

என்னங்க, என்று கூப்பிட்டாள். உதடு பிரிந்ததா? தெரியவில்லை. சத்தம் வரவில்லை.

"மூணு கிலோ இருநூறு!" என்றாள் நர்ஸ். கி-தே கைதட்டினான்.

வயிற்றின் மேல் கிடந்த போர்வையின் ஓரத்தை அடியிலிருந்து ஐந்து விரல்கள் பற்றின. நீளமான விரல்கள். நகம் வளர்ந்தவை. அவசரமே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, போர்வையை விலக்கின.