ஆய்வாளர் பார்க்காத சுவர்

மனிதகுலத்தின் வரலாறு என்பது இருட்டோடு மனிதன் நடத்திய போரின் வரலாறு. அந்தப் போரில் தன் பங்குக்கு ஒருவன், பிழைக்கப் போன நாட்டில் வாங்கிய பழைய வீட்டுக்குத் தானே வயர் இழுத்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் கௌரவம் என்னாவது? மச்சினன் அவனுக்கு வைத்த பெயர் மேதை. கிண்டலுக்கு வைத்தது, இவன் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

அந்த நாட்டுச் சட்டம் தாராளமானது. சொந்த வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வயரிங் செய்துகொள்ளலாம். ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை சுவரை மூடக் கூடாது, அவ்வளவுதான். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கம்பத்திலிருந்து மின்சாரம் கொடுப்பார்கள். மேதையோ சுவரைப் பூசி, வெள்ளையும் அடித்து முடித்துவிட்டு ஆய்வாளரை அழைத்தான். வீட்டுக்கு வருகிற மனிதருக்கு வெட்டிப் போட்ட சுவரையா காட்டுவது?

ஆய்வாளர் மதியம் வந்தார். சுவரைப் பார்த்தார். மேதையைப் பார்த்தார். கூடத்துச் சுவிட்சைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார்.

“இந்தக் கறுப்பு வயர் எதுக்கு?”

“கரண்டு திரும்பிப் போறதுக்கு சார். எங்க ஊர்ல அப்படித்தான்.”

“இங்க கறுப்புலதான் கரண்டு வரும். சுவரு மொத்தத்தையும் உடைங்க. உள்ள என்ன வருது, என்ன போகுதுன்னு எனக்குத் தெரியணும்.”

கிளம்பும்போது ஒரு கணம் சுவரில் காதை வைத்தார். பிறகு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

“அந்த ஆளுக்குப் பொறாமை,” என்றான் மேதை.

“ஆமா, ரொம்ப!” மனைவி தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “நீங்க ரிப்பேர் பண்ணிக் குடுத்த மிக்ஸிய உங்க அம்மாவே துணி சுத்தித்தானே தொடுவாங்க?”

மேகம் கவிந்து நாலரை மணிக்கே வீடு மங்கியபோதுதான் அவள் நிமிர்ந்தாள்.

“என்னங்க, கரண்டு எப்ப குடுத்தாங்க?”

கூடத்து பல்புக்குள் புழுவைப் போல ஒரு இழை சிவந்திருந்தது.

மேதை சுவிட்சைத் தட்டினான். அணையவில்லை. விளக்கம் மட்டும் உடனே கிடைத்தது. அது அவனுக்குக் கிடைக்காமல் போனதே இல்லை. “மிச்ச கரண்டு. கொஞ்ச நேரத்துல வடிஞ்சிடும்.”

“வராத கரண்டு எப்படிங்க மிச்சமாகும்?”

அவன் சுவிட்சை மறுபடி தட்டும்போதே, ஈரச் சுண்ணாம்பும் கருகிய மயிரும் கலந்ததுபோல் ஒரு வாடை எழுந்தது. வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவதைப் போன்ற ஒரு சத்தம் தரையோரமாகப் புறப்பட்டு, புதுப்பூச்சுக்குப் பின்னால் மெல்ல மேலேறி, அவன் பதித்த ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டியருகிலும் கொஞ்சம் நின்று, அதைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்வதுபோல் நகர்ந்தது.

மெயினைக் கீழே இறக்கினான். இழை இன்னும் சிவந்தது.

வெளியே ஓடிப் பார்த்தான். வீட்டு வயர் கூரையோரம் இரண்டு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் அவன் கையாலேயே சுற்றிய டேப். அதற்கும் கம்பத்துக்கும் நடுவில் வெறும் காற்று.

உள்ளே வந்தபோது மனைவி சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தாள்.

“சூடா இருக்குங்க. ஜுரம் வந்த உடம்பு மாதிரி.”

“கைய எடு.”

“எடுக்க வரலைங்க.”

பல்பு எரிந்தது. மங்கியது. எரிந்தது. அவள் மூச்சு விடுகிற வேகத்தில்.

அவளை இழுக்கப் போனான். இரண்டடி வைத்தான். முனகல் சட்டென்று நின்றது. திரும்பியது. சுவருக்குள்ளேயே அவன் பக்கம் வந்தது. தோளுக்கு நேராக. காதுக்கு நேராக. அங்கேயே நின்றது.

மெயின் கீழே. வயர் காற்றில். இனி அணைக்க ஒன்றுமில்லை.

சமையலறை பல்பு எரிந்தது. படுக்கையறை. குளியலறை. பல்பே மாட்டாத மாடிப்படி. ஒவ்வொன்றும் பளிச்சென்று. அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

“இழுங்க... என்னங்க... எங்க போயிட்டீங்க?”

அவள் குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது.

மேதை தெருவில் நின்றுகொண்டிருந்தான். செருப்பு போட்டிருந்தான்.